மறு: பிரெஞ்சுப் பாட்டில் ஒலிக்காத 'எ': தமிழில் என்ன சொல்லலாம்?

அன்பர்களே,

கச்சேரிக் கையேடு திங்களன்று அச்சுக்குப் போகிறது. பிரெஞ்சுச் சொற்களின் கடைசியில் எழுதப்பட்டும் ஒலிக்காத 'e' எழுத்துக்கான தமிழ்ச் சொல் இன்னும் முடிவாகவில்லை.

> ஒலிக்காத எழுத்துக்கு இத்தனை மடலா?

கச்சேரியில் வரும், பிரெஞ்சு இசையமைப்பாளர் ராவெலின் இந்தப் பாடல்களில் அந்த எழுத்துதான் வம்பே. மயில், சுவர்க்கோழி, அன்னம், மீன்கொத்தி, கினிக்கோழி என்று ஐந்து பாட்டு. எழுத்தாளர் ழூல் ரெனாரின் குறும்பான உரைநடைச் சித்திரங்களுக்கு 1906இல் இசையமைத்தார். அழகி என்று பொருள்படும் 'பெல்' (belle) பேச்சில் ஓரசை. மேடைப் பாட்டிலோ கடைசி எகரத்துக்கும் ஒரு சுரம் கொடுத்து 'பெ-ல' என்று இழுப்பது மரபு. ராவெல் பல இடங்களில் அதை விழுங்கிவிட்டு, பேசுகிற மாதிரியே அமைத்தார். 1907 ஜனவரி 12 அன்று பாரிசில் பாடகி ழான் பத்தோரி பாடியபோது அரங்கில் ஒரே கூச்சல். கேளிக்கை விடுதிப் பாட்டு முறையைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்துவிட்டாரே என்ற கோபம்.

> குற்றியலெகரம் என்க. உயிர் வரின் குற்றியலுகரம் போலவே கெடும்.

இப்படி எழுதிய ஐயாவின் ஒப்புமை அருமை. 'நாடு', 'அழகு' சேர்ந்து 'நாடழகு' ஆவதைப் போலத்தான் அங்கேயும். யாப்பில் தளை கெடும் இடத்தில் குற்றியலுகரத்தை அலகிடாமல் விடுகிறோமே, அதுவும் பொருந்துகிறது. ஆனால் குற்றியலுகரத்துக்கு அரை மாத்திரையாவது உண்டு. இதற்குப் பேச்சில் அதுவும் இல்லை. பாட்டுக் கேட்க வருகிறவர் நன்னூலைப் புரட்டிக்கொண்டிருக்க முடியாது.

'ஊமை எகரம்' வேண்டாம், மனிதர்களைக் காயப்படுத்திய சொல் அது. 'ஒலியா எகரம்' தூய தமிழ்தான், ஆனால் 'ஒலியா?' என்று கேள்வியாகப் படித்துவிடுவார்கள். மிஞ்சுவது 'மௌன எகரம்'. வடசொல் என்று இருவர் மறுத்திருக்கிறீர்கள், சரி. ஆனாலும் பார்த்தவுடன் புரிகிறது, பெரும்பாலோர் அதற்கே கை தூக்கியிருக்கிறீர்கள்.

அப்புறம், அந்த மயில். மாப்பிள்ளைக் கோலத்தில் நின்று, வராத மணப்பெண்ணை 'லெயோன்! லெயோன்!' என்று அழைக்கிறதே, அதற்கு 'அகவுகிறது' என்றே போட்டுவிட்டேன். அதில் யாருக்கும் தடையில்லை. மயில் அகவியதால்தான் ஆசிரியப்பாவுக்கு அகவல் என்று பேர் வந்ததா என்ற விவாதத்தைத் தனி இழைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பன்னிரண்டு மடல் ஆகிவிட்டது.

கையேட்டில் 'மௌன எகரம்' போகிறது. ஐயா இன்று காலையும் 'உடன்பாடில்லை' என்று எழுதியிருக்கிறார். அவர் சொன்ன 'குற்றியலெகரம்' என்பதையும் அடைப்புக்குறிக்குள் சேர்க்கலாமா? ஞாயிறு இரவுக்குள் சொல்லுங்கள்.