3-9 இலிருந்து 11-2: இந்தியானாவில் சிக்னெட்டி அப்படி என்னதான் செய்தார்?

கேள்வி: லேப்_எலி

நான் ப்ளூமிங்டனில் இருக்கும் இந்தியானா யூனிவர்சிட்டிக்குப் படிக்க வந்த முதல் சீசனே 2024. எங்கள் ஃபுட்பால் டீம் (கால்பந்து இல்லை, பந்தைக் கையில் பிடித்து ஓடும் அமெரிக்கன் ஃபுட்பால்) வரிசையாகப் பத்து ஆட்டம் ஜெயித்தது. சரி, இவர்கள் எப்போதுமே இப்படித்தான் போல என்று நினைத்து லேப்பில் ஒருவரிடம் சொன்னேன். சிரித்துச் சிரித்து அவருக்கு இருமலே வந்துவிட்டது. முந்தின வருடம் 3-9, அதாவது மூன்று வெற்றி, ஒன்பது தோல்வி; அதனால்தான் ஹெட் கோச்சை மாற்றி கர்ட் சிக்னெட்டியைக் கொண்டுவந்தார்கள் என்று அப்புறம்தான் தெரிந்தது. என் ரூம்மேட் எங்கள் பரம எதிரியான பர்டூ யூனிவர்சிட்டியில் படித்துவிட்டு வந்தவன். "ஷெட்யூல் லேசு, வேறொன்றுமில்லை" என்கிறான். ஒரே ஆள் வந்து ஒரே வருடத்தில் இவ்வளவு மாறுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

பதில்: கிழக்குப்பக்க_சீட்

தம்பி, உங்கள் லேப்காரர் சிரித்ததில் தப்பே இல்லை. 2021 இல் 2-10, 2022 இல் 4-8, 2023 இல் 3-9. மூன்று வருடமும் சீசன் டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருந்தவன் நான். எனக்கு இரண்டு பக்கமும் கோட் வைக்க இடம் இருக்கும். பாதிப் பேர் பார்க்கிங் லாட்டில் கறி சுட்டுக்கொண்டே இருந்துவிடுவார்கள். உள்ளே வந்தவர்களும் ஹாஃப்டைமில் அங்கேயே திரும்பிப் போய்விடுவார்கள். இது பேஸ்கட்பால் ஊர். ஃபுட்பால் என்பது நவம்பர் வரை பொழுது போக்க ஒரு சாக்கு.

2023 நவம்பர் 30 அன்று சிக்னெட்டியை அறிவித்தார்கள். மறுநாளே அசெம்பிளி ஹாலில் பேஸ்கட்பால் ஆட்டத்துக்கு நடுவே மைக்கை வாங்கி, பர்டூ மட்டம், மிச்சிகனும் ஒஹாயோ ஸ்டேட்டும் அதே மட்டம் என்று சொல்லிவிட்டுப் போனார். 62 வயது மனிதருக்கு ஏன் இந்த வாய் என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது.

ஆனால் அவர் வந்த வழியைப் பார்த்தால் அது வெறும் வாய் இல்லை என்று புரியும். அலபாமாவில் பெரிய கோச் நிக் சேபனுக்குக் கீழே ரிசீவர்களுக்கு (எறிகிற பந்தைப் பிடிப்பவர்கள்) கோச்சாக இருந்தவர், 2011 இல் சம்பளம் குறைந்தாலும் பரவாயில்லை என்று ஒரு சின்ன டிவிஷன் டூ (கீழ்மட்டப் பிரிவு) காலேஜுக்கு ஹெட் கோச்சாகப் போனார். அந்தக் காலேஜின் பெயர் இந்தியானா யூனிவர்சிட்டி ஆஃப் பென்சில்வேனியா! அப்புறம் ஈலான், ஜேம்ஸ் மேடிசன் யூனிவர்சிட்டிகள். ஹெட் கோச்சாக ஒரு வருடம்கூடத் தோல்விகள் மிஞ்சி முடித்ததில்லை.

இங்கே அவர் செய்த முதல் வேலை ஆள் பிடித்தது. ஜேம்ஸ் மேடிசனிலிருந்து மட்டும் 13 பேர் கூடவே வந்தார்கள். ரிசீவர் இலைஜா சராட், டிஃபென்ஸில் (எதிரணியைத் தடுக்கும் பிரிவு) லைன்பேக்கர் ஏடன் ஃபிஷர், கார்னர்பேக் டி'ஆஞ்சலோ பாண்ட்ஸ் எல்லாம் அந்தக் கூட்டம்தான். மற்ற கோச்சுகள் டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் (காலேஜ் மாற விரும்பும் ஆட்டக்காரர்களின் பட்டியல்) உயரம், வேகம், ஹைஸ்கூலில் வாங்கிய ஸ்டார் ரேட்டிங் என்று பார்ப்பார்கள். இவர் பார்த்தது ஒன்றுதான்: காலேஜ் ஆட்டத்தில் இறங்கி ஏற்கெனவே செய்து காட்டியிருக்கிறானா? அதனால் வந்தவர்கள் பெரும்பாலும் அடிபட்டுத் தேறியவர்கள். கோச் என்ன கேட்பார் என்று பாதிப் பேருக்கு முன்னாலேயே தெரியும், மற்றவர்களுக்கு அவர்களே சொல்லிக்கொடுத்தார்கள். எட்டு மாதத்தில் பழக்கம் மாறியதன் ரகசியம் இதுதான் என்பது என் கணிப்பு.

குவாட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) கர்டிஸ் ரூர்க் வந்தது ஒஹாயோ யூனிவர்சிட்டியிலிருந்து (ஒஹாயோ ஸ்டேட் இல்லை, குழப்பிக்கொள்ளாதீர்கள்). நெப்ராஸ்காவை 56-7 என்று அடித்த அன்று எறிகிற கையின் கட்டைவிரல் அடிபட்டு, அடுத்த ஆட்டம் ஆடவில்லை. ஆகஸ்ட் பயிற்சியிலேயே முழங்காலில் ஏசிஎல் என்ற தசைநார் கிழிந்து, அதோடுதான் சீசன் முழுக்க ஆடினார் என்பது ஜனவரியில்தான் வெளியே வந்தது. அதைப் படித்த அன்று, "ஓடாமல் ஏன்டா நிற்கிறாய்" என்று அவரைக் கத்தியதெல்லாம் எனக்கு ஞாபகம் வந்தது.

நவம்பர் 9, மிச்சிகன் ஆட்டம். பாதியில் நாம் 17-3 என்று முன்னால் இருந்தோம். இரண்டாம் பாதி முழுக்க நம் அஃபென்ஸ் (பந்தோடு முன்னேறும் பிரிவு) எடுத்தது 18 யார்டுதான். பழைய இந்தியானா என்றால் கட்டாயம் தோற்றிருக்கும். டிஃபென்ஸ் விடவில்லை, 20-15 என்று ஜெயித்தோம். இந்தியானாவுக்கு ஒரே சீசனில் பத்து வெற்றி வந்ததே அன்றுதான் முதல் தடவை. கோட் வைக்க இடமில்லை, மடியில் வைத்துக்கொண்டு பார்த்தேன். இரண்டு பக்கமும் ஆள்.

பதில்: நாலாவது_டவுன்

அண்ணன் சொன்னது சரிதான், ஆனால் ரூம்மேட்டையும் தள்ளிவிட முடியாது. நாம் ஆடும் பிக் டென் லீகில் 18 டீம். ஆரகன், பென் ஸ்டேட் இரண்டும் நம் ஷெட்யூலில் இல்லை. ஒஹாயோ ஸ்டேட்டிடம் முதல் டச்டவுன் (எதிரணி எல்லைக்குள் பந்தைக் கொண்டுபோய்ப் பாயிண்ட் எடுப்பது) நம்முடையது, முடிவில் 38-15 என்று தோற்றோம். ஹாஃப்டைமுக்கு முன்னால் பண்ட் (பந்தைத் தூர உதைத்து எதிரணியிடம் விடுவது) அடிக்கப் பின்னால் வீசிய பந்தைப் பிடிக்காமல் விட்டோம், அப்புறம் அவர்களுடைய கேலப் டவுன்ஸ் நம் பண்ட் ஒன்றை எடுத்து நேராக ஓடியே போய்விட்டார். ரூர்க்கை ஐந்து தடவை சாக் செய்தார்கள், அதாவது பந்தை எறியும் முன்பே பிடித்துக் கீழே தள்ளினார்கள். டிசம்பர் 20 அன்று பிளேஆஃபில் (சாம்பியனைத் தீர்மானிக்கும் நாக்அவுட் சுற்று) நோட்டர் டேமிடமும் அதே கதை. கோல் லைனுக்குப் பக்கத்தில் ரூர்க் எறிந்த பந்து அவர்கள் கையில் போனது, அடுத்த பிளேயிலேயே ஜெரமையா லவ் 98 யார்டு ஓடினார். 27-17 என்ற ஸ்கோரை நம்பாதீர்கள், கடைசி நிமிடங்களில் வந்த பாயிண்டுகள் அவை. 20-3 என்று பின்தங்கி நிற்கும்போது சிக்னெட்டி பண்ட் அடிக்கச் சொன்னதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

பதில்: கிழக்குப்பக்க_சீட்

அந்தப் பண்ட்டுக்கு என்னிடமும் பதில் இல்லை. ஆனால் ஒன்று: சீசனில் தோற்றதே அந்த இரண்டு டீமிடம்தான். ஜனவரியில் பைனல் ஆடிய இரண்டு டீமும் அவையேதான். லேசான ஷெட்யூல் என்றால் மற்ற ஆட்டங்களைத் தட்டுத்தடுமாறி ஜெயித்திருக்கலாம். மிச்சிகனைத் தவிர ஒரு வெற்றியும் 14 பாயிண்டுக்குக் குறைவு இல்லை. 2023 டீமிடம் இதே ஷெட்யூலைக் கொடுத்திருந்தால் ஐந்து ஜெயித்திருப்பார்களா என்பதே சந்தேகம். அப்புறம் தம்பி, 2024 நவம்பர் 30 அன்று பர்டூவோடு நாம் ஆடிய ஓல்டு ஓக்கன் பக்கெட் கோப்பை ஆட்டம் எத்தனைக்கு எத்தனை என்று ரூம்மேட்டிடம் கேட்டுப் பாருங்கள்.

பதில்: லேப்_எலி

கேட்டேன். நமக்கு 66-0 ஆமே! "அந்த வருடம் நாங்கள் ஆடியதே 12 ஆட்டம், ஜெயித்தது ஒன்று, அதை ஏன் நோண்டுகிறாய்" என்று ரூம் கதவைச் சாத்திக்கொண்டான். பாத்திரம் கழுவுவது இந்த வாரம் அவன் முறை, அதுதான் கொஞ்சம் கவலையாக இருக்கிறது.