தனி ஜெபத்தில் வார்த்தை எழவில்லை: வழி சொல்லுங்கள்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் தாமிரபரணி பெருக்கெடுத்தபோது, ஏரலில் நான் நடத்திவந்த ஜவுளிக்கடை சரக்கோடு மூழ்கியது. கடன் வாங்கி மீண்டும் திறந்த கடையையும் பத்தே மாதங்களில் மூட வேண்டியதாயிற்று. விசுவாசம் போய்விடவில்லை, ஞாயிறு ஆராதனையைத் தவறவிட்டதுமில்லை. ஆனால் ஆறு மாதங்களாக, விடியற்காலையில் தனியாக முழங்காற்படியிட்டால் ஒரு வார்த்தைகூட எழுவதில்லை, நெஞ்சு மட்டும் கனக்கிறது.

மூன்று வெள்ளிக்கிழமைகள் உபவாசமிருந்தேன். எங்கள் சபைப் போதகரான சேகர குருவிடம் மனம் திறந்து பேசினேன். அவர் சொன்னபடி வேதாகமத்திலுள்ள சங்கீதங்களை வரிசையாக வாசித்துவந்தபோது, இருளிலேயே முடிகிற 88ஆம் சங்கீதம் ஒன்றுதான் என் நிலையை அப்படியே சொல்வதாக இருந்தது, அன்றைக்குத்தான் அழவும் முடிந்தது. நன்றி சொல்லி ஜெபிக்கும்படி பலரும் அறிவுறுத்துகிறார்கள்; எனக்கோ அது இப்போது உண்மையில்லாத பேச்சாகப் படுகிறது.

தொழிலை இழந்தபின் தனி ஜெபத்துக்குத் திரும்பியவர்கள், முதல் நாளில் எதிலிருந்து தொடங்கினீர்கள்?