இறங்கியது சர்க்கரை அல்ல

தண்டையார்பேட்டை, ஆண், 49 வயது

14 ஆண்டுகளாக எனக்குச் சர்க்கரை நோய் உண்டு; கடைசி 5 ஆண்டுகளாக இரண்டு வேளையும் இன்சுலின் போட்டுக்கொள்கிறேன். போன ஆடியில் ஒரு நாள், கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் வண்டியை நிறுத்திவிட்டுச் சரக்கு ரயில் கடந்து போவதற்காகக் காத்திருந்தபோது, கை நடுங்கி, சட்டை முழுதும் வியர்த்து, நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. இன்சுலின் போடுகிறவன் இதற்கு வேறு பொருள் தேடமாட்டான். சர்க்கரை இறங்கிவிட்டது என்றுதான் நினைப்பான். பையில் இருந்த குளுக்கோஸ் பொடியை வாயில் கொட்டிக்கொண்டேன். கால் மணி நேரத்தில் சரியாயிற்று.

அதன்பின் வாரத்துக்கு நான்கைந்து முறை அப்படியே வந்தது. ஒவ்வொரு முறையும் குளுக்கோஸ், அது இல்லாவிட்டால் மூன்று கரண்டி சர்க்கரை போட்ட டீ. நடுங்கும் கையோடு விரலைக் குத்திப் பார்க்கும் பொறுமை எனக்கு இருந்ததில்லை. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 7.4இலிருந்து 9.8க்கு ஏறியிருந்ததைப் பார்த்த டாக்டர், இன்சுலின் அளவைக் கூட்டி எழுதப் போனவர், எத்தனை முறை ‘லோ’ ஆகிறது என்று பேச்சுவாக்கில் கேட்டார். நான் சொன்ன எண்ணிக்கையைக் கேட்டதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அடுத்த முறை வந்தால் மீட்டரில் பார்க்க வேண்டும், 70க்குக் கீழே இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ் எடுத்துக்கொண்டு 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும், 70க்கு மேல் இருந்தால் எண்ணை எழுதி வைத்தால் போதும் என்றார். (மீட்டர் கையில் இல்லையென்றால் சந்தேகத்துக்குச் சாப்பிட்டுவிடுவதே பாதுகாப்பு என்பதையும் சேர்த்தே சொன்னார்.)

11 முறை குத்திப் பார்த்ததில் 2 முறைதான் 70க்குக் கீழே இருந்தது. மற்ற நேரங்களில் 168, 210, ஒரு முறை 243. அந்த 243ஐப் பார்த்தபடி படுக்கையில் உட்கார்ந்திருந்தபோதுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. எங்கள் பெரியப்பாவுக்குச் சர்க்கரையால் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்த பிறகு, அவரைப் பார்த்துவிட்டு வந்த அதே வாரத்தில்தான் ரயில்வே கேட்டில் முதல் நடுக்கம் வந்தது. தினமும் ஒரு முறை பாதத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்வார்கள். நானோ இரவில் எழுந்து எழுந்து, டார்ச் அடித்து, ஐந்து முறை பார்த்துக்கொண்டிருந்தேன்.

பல முறை நடுங்கவைத்தது சர்க்கரை அல்ல, பயம் என்று புரிந்து மனநல மருத்துவரிடம் போனேன். அவர் கடந்த 2 வாரங்களைப் பற்றி, மனச்சோர்வை அளக்கும் 9 கேள்விகள் கேட்டார். மொத்தம் 27 மதிப்பெண்ணில் எனக்கு 14 வந்தது. அசதி, தூக்கமின்மை, பசியின்மை ஆகியவை சர்க்கரையாலும் வரும் என்பதால், தைராய்டும் ரத்த அளவும் பார்த்த பிறகே மாத்திரை எழுதினார். முதல் மூன்று வாரம் எந்த மாற்றமும் தெரியவில்லை. நிறுத்திவிடலாம் என்று இரண்டு முறை நினைத்தேன்.

காசிமேடு, பெண், 44 வயது

அண்ணன் எழுதியதைப் படித்தபின் என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்லத் தோன்றுகிறது. விசைப்படகில் 22 ஆண்டுகள் டிரைவராக இருந்தவர், இரண்டு சிறுநீரகமும் பழுதானபின் வாரத்துக்கு மூன்று நாள், நான்கு நான்கு மணி நேரம், டயாலிசிஸ் செய்துகொள்கிறார். சோர்வாக இருந்தாலும், சாப்பாட்டை ஒதுக்கினாலும், பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்தாலும், எல்லாவற்றையும் நான் கிட்னியின் கணக்கிலேயே எழுதிக்கொண்டிருந்தேன்.

மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாட்களும் அவர் நன்றாகவே இருந்தார். எந்த விசைப்படகும் கடலுக்குப் போகாததால், வலை பின்னுகிறவர்களோடு உட்கார்ந்து சிரித்துப் பேசினார். தடை முடிந்து படகுகள் கிளம்பிய இரவில் எஞ்சின் சத்தம் கேட்டுக் கதவைச் சாத்தச் சொன்னார். மறுநாள் மழை என்றும், அதற்கடுத்த முறை உடம்பு முடியவில்லை என்றும் சொல்லி இரண்டு டயாலிசிஸை விட்டுவிட்டார். கிட்னி மோசமானால் தடைக்காலத்திலும் மோசமாகத்தானே இருந்திருக்க வேண்டும் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

டயாலிசிஸ் பிரிவில் இருந்த ஒரு செவிலியரிடம் சொன்னேன். அவர் என்னை வெளியே அனுப்பிவிட்டு, உயிரோடு இருக்க வேண்டாம் என்று தோன்றுகிறதா என்று நேரடியாகவே கேட்டிருக்கிறார். நான் அந்தக் கேள்வியைக் கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவேனோ என்று பயந்திருந்தேன். என் வீட்டுக்காரரோ, கேட்க ஒரு ஆள் இல்லாமல் இருந்தது என்று சொல்லி அழுதாராம். அன்று இரவு என்ன செய்வதென்று தெரியாமல் 14416 என்ற மனநல உதவிக்கான இலவச எண்ணில் பேசினேன். இரவிலும் தமிழில் பேச ஆள் இருந்தார்கள். உங்களுக்குக் கொடுத்த மாத்திரை இவருக்கும் ஆகுமா, அண்ணா?

பெரம்பூர், பெண், 36 வயது

எனக்கு மூட்டுகள் வீங்கி வலிக்கும் முடக்குவாதம். சுருக்கமாகவே சொல்கிறேன், விரல்கள் அதிக நேரம் தட்டச்சு செய்ய விடாது. அதற்குச் சாப்பிடும் ஸ்டீராய்டு மாத்திரையின் அளவைக் கூட்டிய பத்தாம் நாளிலிருந்து தூக்கம் போய், காரணமில்லாத பதற்றமும் எரிச்சலும் வந்தன. மாமியாரிடம் கத்தியதற்கு இன்னும் வெட்கப்படுகிறேன். அந்த மாத்திரையே மனநிலையை மாற்றக்கூடும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நானாக நிறுத்தப் போனேன், நல்லவேளையாக மருந்துக்கடைக்காரர் தடுத்தார். திடீரென்று நிறுத்துவது ஆபத்து. டாக்டர் படிப்படியாகக் குறைத்தபோது பதற்றமும் குறைந்தது.

தண்டையார்பேட்டை, ஆண்

காசிமேட்டுத் தங்கச்சிக்கு: என் மாத்திரையின் பெயரை எழுதமாட்டேன். சிறுநீரகம் பழுதானவர்களுக்குச் சில மாத்திரைகளின் அளவே வேறு. மனநல மருத்துவரும் கிட்னி டாக்டரும் ஒரே சீட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். டயாலிசிஸ் சீட்டை மறக்காமல் எடுத்துப் போங்கள். அவர் மறுபடியும் அப்படிப் பேசினால், தனியாக விடாமல் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.

நான் ஞாயிற்றுக்கிழமை புளியந்தோப்புக்குப் போய்ப் பெரியப்பாவைப் பார்க்கப் போகிறேன், ஓராண்டாகப் போகவில்லை. மீட்டரைப் பையில் எடுத்து வைத்துவிட்டேன்.