பழக்கின கௌதாரியை வச்சு கௌதாரி பிடிக்கிறது: அப்படி என்ன கெட்டுப்போச்சு?

கரிசல்காரன்:
சித்திரையில எங்க உடைமரக் காட்டுல பார்த்தது. துணி மூடின கூண்டுக்குள்ள பழக்கின சேவல் கௌதாரி, சுத்தி நைலான் கண்ணி. துணியை எடுத்ததும் அது கூப்பிட்டுச்சு. காட்டுச் சேவல் பதிலுக்குக் கத்திக்கிட்டே ஓடி வந்து மாட்டுச்சு, பின்னாலயே பெட்டை. ஒரே காலையில நாலு. இப்போ அந்தப் பக்கம் விடியக்காலையில சத்தமே இல்லை.

மானாவாரி:
நாலு கௌதாரிக்கு இவ்வளவு ஒப்பாரியா? தரிசையெல்லாம் பிளாட் போட்டாச்சு. பூச்சிமருந்து அடிச்ச காட்டுல குஞ்சு எதைப் பொறுக்கும்? தரையில கிடக்கிற முட்டையை நாயும் கீரியும் விட்டு வைக்குதா? புறநானூத்துக் காலத்துலயே பார்வை மான், அதாவது பழக்கின மானைக் கட்டி வச்சுக் காட்டு மான் பிடிச்ச மண்ணு இது.

கரிசல்காரன்:
பிளாட் சங்கதி நூத்துக்கு நூறு சரி. ஆனா வலையில எது வேணா விழும், கூண்டுக்கு வர்றது அப்படி இல்லை. அது இரைக்கு வரலை, தன் எல்லைக்குள்ள இன்னொருத்தன் கத்துறான்னு சண்டைக்கு வருது. அப்படி வர்றது இடம் பிடிச்சு, ஜோடி சேர்ந்து, முட்டைக்குத் தயாரா நிக்கிற சேவல். ஜோடியைத் தூக்கினா அந்த வருஷத்து முட்டையும் குஞ்சும் போச்சு.

சிவல்:
ஒரு சேவல் போனா, ஜோடியில்லாம திரியுற இன்னொண்ணு வந்து இடத்தைப் பிடிச்சுக்கும். பறவைகள்ல சகஜம்.

கரிசல்காரன்:
எங்கிருந்து வரும்? சுத்தி பிளாட்டுன்னு மேல ஒருத்தர் சொல்லிட்டாரே.

தூக்கணாங்குருவி:
மானாவாரி அண்ணே, 320ஆம் பாட்டை முழுசா படிச்சீங்களா? வேட்டுவன் தூங்குறான். கட்டிவச்ச பார்வைப் பிணையோட (பெண் மானோட) காட்டுக் கலைமான் (ஆண் மான்) விளையாடுது. சத்தம் கேட்டா புருஷன் எழுந்திருவான், கலையும் பிணையை விட்டு ஓடிரும்னு பொண்டாட்டி அசையாம நிக்கிறா.

மானாவாரி:
படிச்சேன் தம்பி. கடைசியில பாணனுக்குக் கறிவிருந்துதான். அதை ஏன் விட்டுட்டீங்க?

தூக்கணாங்குருவி:
😄 சரி, அது உங்களுக்கு. ஆனா கூண்டுக் கௌதாரிக்காவது தொண்டை வலிக்கும். இப்போ போன்ல குரலைப் பதிஞ்சு ஸ்பீக்கர் வச்சுக் காடை பிடிக்கிறான். அது ராத்திரி பூரா கத்தும்.

வாய்தா:
சட்டம் ஒரு வரி. 1972 வனவிலங்குச் சட்டத்துல கண்ணி வச்சுப் பிடிக்கிறதே வேட்டைதான், கொல்லணும்னு இல்லை. 2022 திருத்தத்துல பொதுவான குற்றங்களுக்கு அபராத உச்சம் 25,000லேர்ந்து 1 லட்சம் ஆச்சு.

மானாவாரி:
அந்த ஒரு லட்சம் யார் தலையில விழும்? கூண்டு தூக்கினவன் தலையில. எங்க ஊர்ல கார்ல வந்து ஜோடி ஜோடியா வாங்கிட்டுப் போனவன் மேல ஒரு கேஸ் கிடையாது. ஸ்பீக்கர் அநியாயம், அதுல நான் உங்க பக்கம். கூண்டு விஷயத்துல இல்லை.

சிவல்:
கறிதான் வேணும்னா பண்ணைக் காடை கடையில கிடைக்குதே.

மானாவாரி:
தின்னு பார்த்துட்டுச் சொல்லுங்க. அது கிடக்கட்டும், கரிசல்காரன், உங்க பக்கம் கௌதாரி சுத்தமா இல்லையா?

கரிசல்காரன்:
கம்மாய்க்கு அந்தாண்ட ஒரு ஜோடி கத்துது. எந்தக் கம்மாய்னு இங்க எழுத மாட்டேன்.