ஒரு காரில் மூன்று குடும்பப்பெயர்: டோவரில் இருந்து லாச்சப்பல் வரை

பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பல் பகுதியில் இருக்கும் மாணிக்க விநாயகர் கோயில் தேருக்கு லண்டனில் இருந்து காரில் போகலாமா என்று வாசகர் சிலர் கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போகலாம். நாங்கள் 2025 ஆவணியில் போனோம். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், ஊரில் இருந்து விசிட் விசாவில் வந்திருந்த மாமி (மனைவியின் அம்மா). மொத்தம் ஐந்து பேர்.

என் பிழையை முதலில் சொல்லிவிடுகிறேன். பயணத்துக்கு முன் இரண்டு கிழமை முழுவதும் காரைப் பற்றியே யோசித்தேன், காருக்குள் இருக்கப்போகிறவர்களைப் பற்றி யோசிக்கவில்லை. பழைய ஜிபி ஒட்டியைக் கிழித்துவிட்டு யுகே ஒட்டி ஒட்டினேன் (2021 செப்டெம்பர் 28 இல் இருந்து ஜிபி செல்லாது). முன்விளக்கு எதிரே வருபவர் கண்ணில் அடிக்காமல் இருக்க அதற்கான ஒட்டி, எச்சரிக்கை முக்கோணம், ஆளுக்கொரு ஒளிரும் மேலங்கி எல்லாம் வாங்கினேன். மேலங்கி டிக்கியில் இல்லாமல் கை எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். பாரிஸுக்குள் ஓட, காரின் புகை அளவைக் காட்டும் க்ரிட்'ஏர் ஒட்டிக்கும் நேரத்தோடு விண்ணப்பித்தேன், அது தபாலில் வந்து சேர நாள் எடுக்கும். கடவுச்சீட்டுகளை மட்டும் புறப்படுகிற அன்று மேசையில் அடுக்கி எண்ணினேன். ஐந்து இருந்தது. சரி என்று பையில் போட்டேன்.

மாமி பிரான்ஸுக்குள் போகத் தேவையான ஷெங்கன் விசாவைக் கொழும்பிலேயே எடுத்திருந்தோம். விசிட் விசாவில் லண்டன் வந்தபிறகு இங்கே விண்ணப்பிக்கப் போனால், வசிக்கும் நாட்டில் போய்ப் போடுங்கள் என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள். விசா வெள்ளிக்கிழமையில் இருந்து செல்லும். அதனால் வியாழன் நள்ளிரவு தாண்டி 12.15 க்கு டோவரில் இருந்து பிரான்ஸின் கலே துறைமுகத்துக்குப் போகும் கப்பலுக்கு டிக்கெட் போட்டேன். கலேயில் இறங்கும்போது வெள்ளி விடிகாலை ஆகிவிடும், என்ன கெட்டித்தனம் என்று எனக்கே ஒரு பெருமை.

நான் மறந்தது, பிரான்ஸின் எல்லை கலேயில் இல்லை என்பதை. டோவர் துறைமுகத்திலேயே, கப்பலில் ஏற முன்பே, பிரெஞ்சு அதிகாரிகள் கடவுச்சீட்டைப் பார்த்துவிடுவார்கள் (நாங்கள் போனபோது முத்திரையும் குத்தினார்கள்). திரும்பி வரும்போது இதே மாதிரி பிரித்தானிய அதிகாரிகள் கலேயில் இருந்து பார்ப்பார்கள். 2003 இல் இரண்டு நாடும் செய்துகொண்ட ஒப்பந்தம் அது. நானோ பிந்தக்கூடாது என்று இரவு 10.50 க்கே அந்தக் கூண்டுக்கு முன் போய் நின்றேன். வியாழக்கிழமை.

அதிகாரி நான்கு கடவுச்சீட்டுக்குக் குத்திவிட்டு மாமியின் கடவுச்சீட்டில் நிறுத்தினார். விசாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நாளைக்குத்தானே?" என்றார். எனக்கு வியர்த்துவிட்டது. ஒரு மணி நேரத்துக்கு மேல் அங்கேயே நின்றால் கப்பல் போய்விடும். பிறகு அவர் சுவரில் இருந்த கடிகாரத்தைக் காட்டினார். அதில் 11.50. பிரான்ஸ் நேரம், நம்மைவிட ஒரு மணி முன்னால். "பத்து நிமிடம் ஓரமாக நில்லுங்கள்." பிள்ளைகள் பின் சீட்டில் இருந்து செக்கன் எண்ணினார்கள். மாமி மட்டும் "இதுக்கு ஏன் இவ்வளவு பதறுகிறாய்" என்று கேட்டுக்கொண்டு விபூதிப் பையைத் தேடினார். எல்லாருக்கும் இப்படிப் பொறுமையான அதிகாரி கிடைப்பார் என்று நம்பிப் போகாதீர்கள். விசா தொடங்கும் நாளுக்கு அடுத்த நாள் டிக்கெட் போடுங்கள்.

கடல் ஒன்றரை மணித்தியாலம்தான். அந்த நீரிணையின் ஒடுங்கிய இடம் 33 கிலோமீட்டர். காரை நிறுத்திப் பூட்டிவிட்டு மேலே ஏறிவிட வேண்டும், கப்பல் ஓடும்போது கீழே வாகனத் தட்டுக்கு வர விடமாட்டார்கள். எந்தத் தட்டு, எந்தப் படிக்கட்டு என்று போனில் படம் எடுத்து வையுங்கள். மாமி நெடுந்தீவு. குறிகட்டுவானில் இருந்து படகில் அலை முகத்தில் அடிக்கப் போய் வந்தவர். கப்பலுக்குள் இருந்த சாப்பாட்டுக்கடை, வாசனைத் திரவியக்கடை எல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டு, "இது கப்பல் இல்லை, கடைத்தெரு" என்றார்.

பாரிஸ் கலேயில் இருந்து ஏறக்குறைய 300 கிலோமீட்டர். ஏ26 பிடித்து ஏ1. டோல் 20 யூரோவுக்குச் சற்று மேல் வரும். நம்முடைய கார்களில் ஸ்டியரிங் வலப்பக்கம், டோல் பெட்டி இடப்பக்கம். முழங்கால் நோவென்று முன் சீட்டில் இருந்த மாமியிடம்தான் அந்த வேலை போனது. திரும்பி வரும்போது நான் சொல்ல முன்னமே கண்ணாடியை இறக்கி, கார்டைக் காட்டி, "மெர்சி" என்று பெட்டிக்கு நன்றியும் சொன்னார். தேரைப் பற்றி எழுதத் தேவையில்லை. கோயில் இருக்கும் ரூ பஜோல் தெருப் பக்கம் போனவர்களுக்கு அந்தத் தேங்காய்க் குவியல் தெரியும்.

திரும்பும்போது கலேயில் இன்னொன்று. என் குடும்பப்பெயர் இடத்தில் அப்பாவின் பெயர். மனைவி தன் அப்பாவின் பெயரை மாற்றவில்லை. பிள்ளைகளுக்கு என் பெயர். அதாவது, ஆங்கிலக் கணக்கில், பிள்ளைகள் தாயோடும் சேரவில்லை, தகப்பனோடும் சேரவில்லை. அதிகாரி சின்னவளைக் குனிந்து பார்த்து முன்னால் இருப்பவர் யார் என்று கேட்டார். அவள் "அம்மம்மா" என்றாள். அவருக்கு அது இன்னொரு பெயராகக் கேட்டிருக்க வேண்டும். நம்முடைய பெயர் வைக்கும் முறையை, பின்னால் பத்துக் கார் நிற்க, விளக்கிப் பாருங்கள், தெரியும். மனைவி பிறப்புச் சான்றிதழ்களைக் கொண்டுவந்திருந்தபடியால் தப்பினோம்.

* * *

நான் இன்னொரு வாசகர், லெஸ்டரில் இருந்து எழுதுகிறேன். எங்களுடையது மட்டன் றோல்ஸ் கதை. பாரிஸில் அக்கா மகளின் சாமத்தியவீடு. அம்மா இரண்டு நாள் இருந்து அறுபது றோல்ஸ் உருட்டி, ஐஸ் பெட்டியில் அடுக்கித் தந்தா. 2021 இல் இருந்து பிரித்தானியாவில் இருந்து இறைச்சியோ பால் சாமானோ ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகக் கூடாது, அவை வைத்த சாண்ட்விச் கூட. எனக்குத் தெரியாது. கலேயில் இறங்கி வெளியே வரும்போது மறித்து, பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். மூடியைத் திறந்ததும் வந்த வாசத்துக்கு அந்த ஆளே ஒரு கணம் தயங்கினார். பிறகு தொட்டியைக் காட்டினார். அறுபதையும் என் கையாலேயே போட்டேன்.

அம்மாவிடம் எல்லாரும் விரும்பிச் சாப்பிட்டார்கள் என்று சொல்லியிருக்கிறேன். இதை அவ வாசிக்க மாட்டா.

இன்னொன்று, 2025 ஏப்ரல் 12 இல் இருந்து மறுபக்கமும் பூட்டு. கோமாரி நோய்க்குப் பயந்து, மாடு, ஆடு, பன்றி இறைச்சியும் பால் சாமான்களும் அங்கிருந்து இங்கே கொண்டுவரத் தடை. லாச்சப்பலில் ஆட்டிறைச்சி மலிவென்று கட்டிக்கொண்டு வராதீர்கள்.

* * *

நான் வேறொருவர். நாங்கள் போனது பாரிஸ் இல்லை, ஜேர்மனியின் ஹம் நகரில் இருக்கும் காமாட்சி அம்மன் கோயில். டோவரில் இருந்து டன்கேர்க் கப்பல், இரண்டு மணித்தியாலம். இறங்கியதும் பெல்ஜியம் கிட்ட. பெல்ஜியத்திலும் ஜேர்மனியிலும் காருக்கு நெடுஞ்சாலைக் கட்டணம் இல்லை, லியேஜ், ஆகன் என்று நேரே போகலாம். பல நகரங்களுக்குள் நுழைய, புகை அளவுக்கான ஜேர்மனியின் பச்சை ஒட்டி தனியாக வேண்டும், பிரெஞ்சு க்ரிட்'ஏர் ஒட்டி அங்கே உதவாது. தீர்த்தத்துக்குக் கோயில் பக்கத்தில் ஓடும் கால்வாய்க்குத்தான் அம்மனைக் கொண்டுபோவார்கள், பிள்ளைகளுக்கு அது பிடித்திருந்தது. சுவிஸ் வரை இறங்குபவர்கள் 40 பிராங்கில் வினியெட் (நெடுஞ்சாலை அனுமதி) எடுத்துக்கொள்ளுங்கள், இப்போது இணையத்திலேயே எடுக்கலாம்.

* * *

நான் மதுரைப் பக்கம், மான்செஸ்டரில் வேலை. கொஞ்சம் வேறு கடல். தங்கை டப்ளினில் இருக்கிறாள். அப்பா அம்மா இந்தியாவிலிருந்து வந்தபோது, காரை வேல்ஸின் ஹோலிஹெட் துறைமுகத்தில் கப்பலில் ஏற்றி எல்லோரும் போகலாம் என்று திட்டம் போட்டேன். மூன்றேகால் மணி நேரம். பெரியவர்களுக்கு விசா கிடைக்குமோ என்றுதான் பயந்தேன்.

அவர்களுக்குப் பிரச்சினையே இல்லை. இந்தியாவில் வாங்கிய பிரிட்டன் விசிட் விசாவில் பிஐவிஎஸ் (பிரிட்டன்-அயர்லாந்து விசாத் திட்டம்) என்ற குறிப்பு இருந்தால், பிரிட்டனுக்கு வந்துவிட்டு அதே விசாவில் அயர்லாந்தும் போகலாம். அது விசிட் விசாவுக்கு மட்டும். ஆறு வருடமாக இங்கே வரி கட்டிக்கொண்டு வேலை விசாவில் இருக்கும் எனக்கு அது கிடையாது, தனியாக ஐரிஷ் விசா எடுக்க வேண்டும். இது தெரிந்தபோது கையில் ஒன்பது நாள்தான் இருந்தது. பிரிட்டனோடு சேர்ந்த வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் வரை போய் அங்கிருந்து சாலையில் தாண்டிவிடலாமே, யாரும் நிறுத்துவதில்லையே என்று நண்பன் சொன்னான். நிறுத்தாவிட்டாலும் விசா இல்லாமல் நுழைவது நுழைவதுதான், வேண்டாம் என்று விட்டேன்.

கடைசியில் அப்பா அம்மாவை ஹோலிஹெட்டில் நடைப் பயணிகளாக ஏற்றிவிட்டேன். அப்பா திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். அம்மா கையில் வைத்திருந்த புளியோதரை டப்பாவை, வழியில் பசிக்கும் என்று என்னிடமே கொடுத்துவிட்டுப் போனாள். வேல்ஸ் மலைகளுக்கு நடுவே ஒரு நிறுத்தத்தில் காரை நிறுத்தி அதைத் தனியாகச் சாப்பிட்டேன். நான் மான்செஸ்டர் வந்து சேர்ந்த பிறகு, தங்கை வீட்டில் எடுத்த படம் வந்தது.