கூட்டுக் கோப்பில் பாடம்: வகுப்பில் எது நடக்குது, எங்கே சிக்குது?

சூலூர் வாத்தியார்:
பல பேர் ஒரே நேரத்துல நெட்ல சேந்து எழுதற கூகுள் டாக்ஸ் கோப்பு ஒண்ணை வகுப்பு முழுக்கத் திறந்து விட்டா, வேகமாத் தட்டத் தெரிஞ்ச ரெண்டு பேர் எழுதுவாங்க, மிச்சப் பேர் பாத்துட்டு இருப்பாங்க. 100 பேர் ஒரே நேரத்துல திருத்தலாம்ங்கறது மென்பொருளோட தாங்கு சக்தி. பாடத்துக்கு ஒரு கோப்புக்கு நாலு பேருக்கு மேல வேண்டாமுங்க. கோப்பைக் கையில கொடுக்கும் முன்னாடியே நாலு தலைப்பு போட்டு, ஒவ்வொண்ணுக்குக் கீழயும் யார் எழுதறதுன்னு பேர் வெச்சிரோணும். முதல் 15 நிமிஷம் அவங்கவங்க பத்தி. அடுத்த 10 நிமிஷம் அடுத்தவங்க பத்தியைப் படிச்சு கமெண்ட் மட்டும். கடைசி 10 நிமிஷம் பதிலும் திருத்தமும். நடுவுல வர்ற அந்த 10 நிமிஷத்துலதான் படிப்பே நடக்குது. நேரமில்லைன்னு அதை வெட்டினா நாலு தனிக் கட்டுரைதான் மிஞ்சும். "சூப்பர்"ங்கற கமெண்டுக்கு மதிப்பெண் கிடையாதுன்னு முதல்லயே சொல்லிடுங்க. ஒரு கேள்வி, ஒரு திருத்தம், ரெண்டும் இருக்கோணும்.

கோபி கணக்கு டீச்சர்:
சார் சொன்னதோட இதையும் சேத்துக்கோங்க. லிங்க் இருக்கற யாரும் திருத்தலாம்னு விட்டுட்டா, கூகுள் கணக்குல நுழையாத பசங்க பேருக்குப் பதிலா ஏதாவது ஒரு மிருகத்தோட பேர்தான் திரையில வரும். யார் எதை அழிச்சாங்கன்னு பின்னாடி கண்டுபிடிக்க முடியாது. 13 வயசுக்குக் கீழ இருக்கறவங்க தாங்களா ஜிமெயில் திறக்கவும் முடியாது, அதனால சின்ன வகுப்புக்குப் பள்ளிக்கூடமே கூகுள் கணக்கு கொடுத்தாகணும்.

ஒரு பத்தி முழுசா அழிஞ்சு போச்சுன்னா பதறாதீங்க. கண்ட்ரோல் இசட் அவங்கவங்க செஞ்சதை மட்டுந்தான் திருப்பும், அடுத்தவங்க அழிச்சதைத் திருப்பாது. கோப்பு மெனுவுல பதிப்பு வரலாறைத் திறந்து, பழைய பதிப்புல இருந்து அந்தப் பத்தியை மட்டும் நகலெடுத்து ஒட்டுங்க. "மீட்டமை"யை அழுத்தினா அதுக்கப்புறம் மத்த மூணு பேர் எழுதினதும் கோப்புல இருந்து போயிரும்.

கூகுள் ஷீட்ஸ்ல, அதாவது அட்டவணைக் கோப்புல, தனியா ஒரு தொல்லை உண்டு. ஒரு புள்ள ஃபில்டர் போட்டா எல்லாரோட திரையிலயும் வரிசைகள் மறைஞ்சிரும், "டேட்டா காணோம் டீச்சர்"னு கூச்சல் வரும். ஃபில்டர் வியூ பழக்கி விட்டா போதும், அதைத் திறந்தவங்க திரையில மட்டுந்தான் வரிசைகள் மறையும்.

நொய்யல்கரை:
எனக்குப் புடிச்ச பாடம் ஆத்துத் தண்ணி அட்டவணை. வெள்ளியங்கிரி மலையில புறப்படற நொய்யல் கோவை, திருப்பூர், ஒரத்துப்பாளையம் அணை தாண்டிக் காவிரியில சேருது. கரையோரப் பள்ளிக்கூடங்க ஒரே ஷீட்ல உப்பளவு பதிஞ்சா, எந்த ஊர் வகுப்பும் தனியாப் பாக்க முடியாததைச் சேந்து பாக்கலாம். நெடுவரிசை ஆறு போதும்: தேதி, நேரம், இடம், மின்கடத்துத்திறன் (உப்பு கூடினா இதுவும் கூடும்), வெப்பநிலை, பதிஞ்சவர். இடத்துக்கு, பட்டியல்ல இருந்து தேர்ந்தெடுக்கற ட்ராப்டவுன் கட்டாயமுங்க. இல்லைன்னா "ஒரத்துப்பாளையம்" நாலு விதமா எழுதப்பட்டு நாலு இடமா எண்ணப்படும்.

பெரிய கோளாறு அலகுல வரும். கைமீட்டர்ல மின்கடத்துத்திறனோட அலகான மைக்ரோசீமென்ஸும் காட்டும், கரைஞ்ச உப்பைக் கணக்குப் போட்டுச் சொல்ற பிபிஎம்மும் (பத்து லட்சத்துல எத்தனை பங்கு) காட்டும். மாத்தற காரணி சில மீட்டர்ல 0.5, சிலதுல 0.7. அதனால 1000 மைக்ரோசீமென்ஸ் தண்ணி ஒரு பள்ளியில 500 பிபிஎம், அடுத்த பள்ளியில 700 பிபிஎம். தண்ணி ஒண்ணுதான், ஆனா பசங்க நடுவுல இருக்கற சாயப்பட்டறை மேல பழி போட்டுருவாங்க. எல்லாரும் மைக்ரோசீமென்ஸ் மட்டும் பதியோணும், அளக்கறதுக்கு முன்னாடி 1413 மைக்ரோசீமென்ஸ்னு அளவு தெரிஞ்ச சோதனைக் கரைசல்ல மீட்டரைச் சரிபாக்கோணும். பொருந்தாத எண் வந்தா ஆசிரியர் அழிக்க வேண்டாம். அந்தக் கட்டத்துலயே கமெண்ட் போட்டு, பதிஞ்ச பள்ளியைக் கேக்கச் சொல்லுங்க. அந்த வாக்குவாதத்துலதான் அளவீடுன்னா என்னன்னு பசங்களுக்கு விளங்குது.

சென்னிமலை லேப்:
நெட் சரியில்லாத ஊருக்கு, சேந்து எழுதற ஈதர்பேட்னு ஒரு மென்பொருள் இருக்குதுங்க அண்ணா. இலவசம், திறந்த மூலம். லேப்ல ஒரு கம்ப்யூட்டர்ல அது ஓடத் தேவையான நோட் ஜேஎஸ் மென்பொருளைப் போட்டு ஈதர்பேடை ஓட விட்டா, மத்த கம்ப்யூட்டர்ல பிரவுசரைத் திறந்து அதோட ஐபி முகவரி, முக்காற்புள்ளி, 9001னு தட்டினாப் போதும். லேப் வயரிங்குக்குள்ளயே ஓடும், வெளி நெட் தேவையில்லை. ஒவ்வொருத்தர் எழுத்துக்கும் தனி நிறம், நேரப்பட்டையை இழுத்தா எழுதின வரிசை அப்படியே ஓடும்.

திறக்கலைன்னா ரெண்டு காரணம் பாருங்க. ஒண்ணு, விண்டோஸோட பாதுகாப்புத் தடுப்பான ஃபயர்வால் 9001ங்கற வழியை அடைச்சிருக்கும். இல்லைன்னா ஐபி மாறியிருக்கும், அதை நிலையா வெச்சிருங்க. நிறுவினதும் இருக்கற சேமிப்பு முறை சோதனைக்கு மட்டுந்தான், அதனால வகுப்பு முடிஞ்சதும் ஒவ்வொரு பக்கத்தையும் ஏற்றுமதி செஞ்சு வைக்கோணும்.

ஒரு கம்ப்யூட்டர்ல ரெண்டு பேர்னா 10 நிமிஷத்துக்கு ஒருக்கா கைமாத்துங்க. ரெண்டு பேரும் வெவ்வேற பிரவுசர்ல திறந்து அவங்கவங்க பேரைப் போடச் சொல்லுங்க, இல்லைன்னா ரெண்டு பேர் உழைப்பும் ஒருத்தர் பேர்ல நிக்கும்.

சூலூர் வாத்தியார்:
பழைய குறிப்புகளை பாமினிங்கற பழைய தமிழ் எழுத்துருவுல அடிச்சு வெச்சிருக்கறவங்க ஒட்டறதுக்கு முன்னாடி யூனிகோடுக்கு மாத்திருங்க. பாமினி வெறும் எழுத்துருக் குறியீடு, உள்ள இருக்கறது ஆங்கில எழுத்துதான், தமிழாக் காட்டறது எழுத்துரு. அந்த எழுத்துரு இல்லாத இடத்துல பசங்களுக்கு ஆங்கில எழுத்துக் குவியலாத்தான் தெரியும்.