வார்டு புள்ளியியல் சொல்லித்தர யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம். சென்னையில் ஒரு மருத்துவமனை ஐசியுவில் ஸ்டாஃப் நர்ஸ் நான். சிறுநீர் வெளியேற நோயாளிக்குப் போடும் குழாயால் (கத்தீட்டர்) வரும் தொற்றின் விகிதத்தை மாதாமாதம் நாங்களே கணக்கிடுகிறோம்: தொற்றுகளைக் கத்தீட்டர் நாட்களால் (ஒவ்வொரு நோயாளிக்கும் குழாய் இருந்த நாட்களின் கூட்டுத்தொகை) வகுத்து 1000-ஆல் பெருக்க வேண்டும். அது சரி. போன மாதம் 200 நாட்களுக்கு 1 தொற்று, விகிதம் 5. இந்த மாதம் அதே 200-க்கு 2; விகிதம் 10. உடனே மீட்டிங்கில், "இரட்டிப்பாகிவிட்டதே, என்ன செய்கிறீர்கள்?" என்கிறார்கள். இவ்வளவு சின்ன எண்ணிக்கையில் ஒன்று கூடுவது தற்செயலாகவும் இருக்கலாம் இல்லையா? பி.எஸ்சி. நர்சிங்கில் புள்ளியியல் இருந்தது. திட்ட விலக்கமெல்லாம் பரீட்சையோடு போச்சு.

ஒரு தொற்றுக்கும் அடுத்ததற்கும் இடையே எத்தனை கத்தீட்டர் நாட்கள் என்று காட்டும் கட்டுப்பாட்டு வரைபடத்தை (ஏற்ற இறக்கம் வெறும் தற்செயலா, உண்மையான மாற்றமா என்று பார்க்க உதவும் control chart) எக்செல்லில் போட, தமிழில் சொல்லித்தர முடியுமா? ஞாயிறு மதியம் என்றால் நல்லது. எழும்பூர், கீழ்ப்பாக்கம் பக்கமானால் ஜூனியர்களையும் கூட்டிக்கொண்டு நேரிலேயே வருகிறேன். நோயாளி விவரம் எதுவும் கொண்டுவர மாட்டோம், வெறும் எண்கள்தான்.